கோட்டில்லாத படம்

மே 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இருட்டறையில் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. ஆபீஸ் காகிதங்களில் வருஷத்தை ஜப்பான் கணக்குப்படி 2603 என்று போட வேண்டுமாம். இது எனக்காக எழுதுவது. 1943.

நேற்று எடுத்த சுருளைக் கழுவி அச்சுப் பார்த்தேன். பன்னிரண்டு ரயில்வே ஆட்கள், பாஸுக்கு ஒட்டும் படம். பன்னிரண்டும் நாசம். ஒவ்வொருவன் முகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, பட்டையாக விபூதியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்ட மாதிரி. கேமராவின் வயிற்றைத் திறந்து விளக்குக்கு நேரே பிடித்தேன். ஷட்டர் துணி கிழிந்துவிட்டது. போன மாதம் குண்டூசித் துளைகள்தான், மை வைத்து அடைத்தேன். இப்போது நகம் நுழைகிறது.

தூரம் காட்டும் ரேஞ்ச்பைண்டர் ஏற்கெனவே செத்துப்போன கேஸ். ஜப்பான்காரன் வந்த வாரம் மேசையிலிருந்து விழுந்தது. அன்றிலிருந்து உள்ளே தெரியும் இரண்டு உருவமும் ஒன்று சேர்வதே இல்லை. நூல் பிடித்துத் தூரம் அளந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றுகூட ஒருத்தன் கிண்டல்: "என்னண்ணே, சவப்பொட்டி செய்யவா அளவெடுக்கிறீங்க?"

ஸ்டாண்டு கேமராவைப் பட்டாளத்துக்காரர்கள் முதல் மாதமே தூக்கிப் போனார்கள். ரசீது கொடுத்தார்கள். ரசீதை முக்காலியில் மாட்டிப் படம் எடுக்கலாம் போல.

பாஸ் ஆபீஸ் குமாஸ்தாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். பல் குத்திக்கொண்டே சொன்னான்: "கேமரா ஓடுற வரைக்கும்தான் ஒங்களுக்கு வேலைச் சீட்டு. அடுத்த திங்களுக்கு மறு திங்கள் சீட்டு மாத்துற நாளு. அன்னிக்குப் படம் இல்லன்னா நீங்களும் சும்மா இருக்கிற ஆளு. சும்மா இருக்கிற ஆளு எங்க போறான்னு தெரியும்ல?"

தெரியும். சயாம். காட்டுக்குள் ரயில்பாதை போடும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் மட்டும் நாலு வீட்டு ஆட்கள் போயிருக்கிறார்கள். ஒரு வரி கடிதம் இல்லை.

இன்று மதியம் மரவள்ளிக்கிழங்கு. இரவும் அதுவே.

மே 12, புதன்

இந்தியப் பள்ளிவாசல் பக்கம் கடிகாரக் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போனேன். வழியில் இரண்டு ஜப்பான் காவல், குனிந்து இரண்டு கும்பிடு. இடுப்பு வலிக்கிறது.

பாய் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே குடைந்தார். பிறகு: "தம்பி, ரேஞ்ச்பைண்டர்ல கண்ணாடி நகர்ந்து கெடக்கு, அவ்வளவுதான். அத உக்கார வச்சிருவேன். இந்தத் துணிதான் சங்கடம். பட்டுல ரப்பர் பூசுன துணி. ஜெர்மன்லேர்ந்து வந்தது. இப்ப எவன் தருவான்?"

சிரிப்பு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம். உலகத்துக்கே ரப்பர் அனுப்பிய ஊர். அதில் உள்ளங்கை அளவு ரப்பர் துணி இல்லை. சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"ரப்பர் பாலு கொண்டாங்க. கட்டியாகாத பாலு, ஒரு போத்தல் போதும். பட்டு எங்க வீட்டுல பழசு இருக்கு. நானே பூசிப் பாக்குறேன். ஒவ்வொரு பூச்சும் காயணும். இருவது நாளாவது ஆகும்."

இருபது நாள். சீட்டு மாற்ற பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் அவசரத்தில் கெடுத்துவிடுவார் என்று சொல்லவில்லை. கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கழுத்து லேசாக இருந்தது, பிடிக்கவில்லை.

மைத்துனன் வேலுவுக்கு ரயில் கார்டு ஒருத்தர் மூலம் சொல்லி அனுப்பினேன். கிள்ளான் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறான். ஒரு போத்தல் பால் அவனுக்குப் பெரிய காரியமில்லை.

மே 14, வெள்ளி

வெயில். நடேசன் வந்தான். வேலு இருக்கும் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தவன். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது அவனுக்குக் குடை பிடித்தான், இப்போது ஆள் சேர்க்கும் ஆபீசில் ஜப்பான்காரர்களுக்குப் பிடிக்கிறான். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தான்.

"கேமரா போச்சாமே, போட்டோகிராபரே? கேள்விப்பட்டேன். ரொம்ப சூசா, கஷ்டம்தான் இல்ல?"

பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தான். என்னுடையதன் தம்பி மாதிரி, நாலு வருஷம் இளையது. ஜெர்மன். எடுத்துக் கண்ணில் வைத்தேன். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து வளையத்தைத் திருப்பினேன். இரண்டு உருவமும் வழுக்கிக்கொண்டு வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தது. பதினாறு மாதம் ஆயிற்று அதைப் பார்த்து. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், கண் கலங்கிவிட்டது.

அடிப்பக்கத்தில் ஒரு பெயர் செதுக்கியிருந்து, யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். யாருடையது என்றேன்.

"இருந்தவரோடது. இப்ப ஒங்களுது."

சும்மா தருவானா? ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கிட்டங்கியில் சயாம் போகிற ஆட்களுக்குச் சாப்பாடு. அதை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும். "தோட்டத்துல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். லோரி சத்தம் கேட்டாலே ரப்பர் காட்டுக்குள்ள ஓடுறானுங்க. வாயால சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோச்சு. கண்ணால பாத்தா நம்புவானுங்கள்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்தவன் ஆணியில் தொங்கிய கோட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "இத நான்கூடப் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தக் கோட்டைப் போடாத ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஊருக்குப் படம் அனுப்ப வருகிற பால்வெட்டு ஆள், தண்டவாள ஆள் எல்லோருக்கும் அந்த ஒரே கோட்டு, அந்த ஒரே சப்பாத்து, ஓடாத அந்த ஒரே கைக்கடிகாரம். ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்குவேன். தஞ்சாவூரில் இருக்கும் அம்மா மகன் துரையாகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வாள். இங்கே உள்ளவனுக்கு எல்லாம் தெரியும். கூலி லயத்தில் எவன் வீட்டுச் சுவரில் கோட்டுப் படத்தைப் பார்த்தாலும் "ஓ, அந்தக் கோட்டா" என்று சிரிப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். பதினைந்து வருஷமாக அதில்தான் சோறு.

மே 15, சனி

ரிப்பேர் என்றால்:
பாய் கை நல்ல கை.
என் கேமரா. கண்ணை மூடிக்கொண்டு சுருள் மாட்டுவேன்.
இருபது நாள். அதற்குள் என் பெயர் பட்டியலில்.

புதுசு என்றால்:
நாளைக்கே.
செத்தவனுடையதோ, ஓடினவனுடையதோ.
நடேசன்.

எழுதிப் பார்த்தால் தெளிவு வரும் என்பார்கள். ஒரு மண்ணும் வரவில்லை.

சாயங்காலம் வேலு வந்தான். போத்தலில் பால், புளிக்காமல் இருக்க ஏதோ மருந்து கலந்து, மூக்கைத் துளைக்கிற நாற்றம். கூட ஒரு சீப்பு வாழைப்பழம். இருபத்துநாலு வயசு, என் மனைவி பார்வதிக்கு ஒரே தம்பி. வீட்டுக்குள் வரும்போதே சத்தம். செவ்வாய்க்கிழமை லோரி வந்தபோது மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டானாம். "கிராணி அடியில நின்னுக்கிட்டே வெள்ளச்சோறு, சீனி, சம்பளம்னு பிரசங்கம் பண்றாரு அத்தான். எனக்கு மேலேர்ந்து ஒண்ணுக்கு வருது. அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன் லா!"

பா. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். நடேசன் இங்கே வந்ததை அவனிடம் சொல்லவில்லை.

போகிற வழியில் பால் போத்தலைக் காதர் பாய் கடையில் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு பா.விடம் சொன்னேன், பாதியை மட்டும்: வேறு கேமரா கிடைக்கிறது, யாருடையது என்று தெரியாது. அவள் உடனே, "ரிப்பேரே பண்ணுங்க. அடுத்தவங்க பொருளு எதுக்கு?" என்றாள். இருபது நாள் கணக்கைச் சொன்னேன். அடுப்பை ஊதப் போய்விட்டாள். அதற்கு அர்த்தம் என்னவென்று எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன்.

மே 16, ஞாயிறு

முதல் ரயிலில் கிள்ளான். கோட்டு பையில்.

கிட்டங்கியில் முப்பது பேர் இருக்கும். சரிபாதி ஆட்கள் சாக்கைக் கட்டியிருந்தார்கள். நடேசன் அவர்களுக்குப் புது பனியன், கைலி கொடுத்தான். முன் வரிசையில் ஒருத்தனைக் கூப்பிட்டு, "கோட்டைப் போட்டு உக்கார வைங்க" என்றான்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கோட்டுப் போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான். அந்தக் கோட்டு எல்லாருக்கும் தெரியும். பனியனோடயே இருக்கட்டும்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கழுத்தில் கத்தியும் இல்லை. தொழில்காரன் திமிர், அவ்வளவுதான். நடேசன் என் முதுகில் தட்டினான்: "அதான் ஒங்களக் கூப்பிட்டது."

தட்டுத் தட்டாக வெள்ளைச் சோறு, பருப்பு, கருவாடு. வாசனையில் எனக்கே வயிறு இரைந்தது. கண்ணில் வைத்தேன், உருவங்கள் ஒன்று சேர்ந்தன. சிரிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருஷமாகக் கிழங்கு தின்றவன் மடியில் சோற்றை வைத்தால் முகம் தானாக மலராதா? ஆறு தடவை எடுத்தேன்.

முடிந்ததும் ஒரு சிப்பாய் வந்து தட்டுகளை வாங்கிச் சோற்றைத் திரும்ப அண்டாவில் கொட்டினான். ஒருத்தன் கையில் எடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான்; கன்னத்தில் அறை. மற்றவர்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பனியனையும் கழற்றச் சொன்னார்கள்.

நடேசன் எனக்கு ஒரு சின்னப் பை அரிசி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

மே 18, செவ்வாய்

படம் அற்புதமாக வந்திருக்கிறது. பருக்கை பருக்கையாக எண்ணலாம். பெரிதாக்கி இருபது பிரதி. விளிம்பு வெள்ளை விட்டு, மூலைகளை வழக்கம்போல வளைத்து வெட்டினேன். நடேசன் ஆள் வந்து வாங்கிப் போனான். இன்னும் பிரதி வேண்டுமாம்.

பா. சோறு வடித்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு. "எங்கேர்ந்துங்க?" என்றாள். கூலி என்றேன். கஞ்சியைக்கூடக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்தாள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கியது என்றெல்லாம் எழுதினால் பொய். நன்றாக இறங்கியது.

மே 23, ஞாயிறு

காதர் பாய் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். கேமரா தயார். பதினோரே நாள்.

"இருவதுன்னு சொன்னேன். ஒங்க மூஞ்சி சரியில்ல அன்னிக்கு. மத்த வேலையெல்லாம் ஒதுக்கிட்டு ராப்பகலா பூசினேன்" என்றார். துணி கறுகறுவென்று, விரலால் தொட்டால் மெத்தென்று. ரேஞ்ச்பைண்டரும் சரி. எதிர்க் கடைப் பலகையைப் பார்த்தேன், உருவம் ஒன்றாகிறது. சீட்டு மாற்றுவது நாளைக்கு. இந்தக் கேமராவையே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம்.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். மனுஷர் முகம் சுண்டிவிட்டது. "சீக்கிரம் முடிச்சதுக்கா தம்பி கோவிக்கிறீங்க?"

கூலியாக ஒரு பிடி அரிசி கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். அவர் அதை மோந்து பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், வெள்ளரிசி" என்றார். ஓடி வந்துவிட்டேன்.

மே 24, திங்கள்

சீட்டு மாற்றியாயிற்று. ஆறு மாதம் செல்லும். குமாஸ்தா பல்லெல்லாம் காட்டினான்.

மே 27, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் வேலு வந்தான். கையில் துணி மூட்டை. வாசலிலேயே, "அக்கா, சனிக்கிழமை ரயிலு. சயாம் போறேன்" என்றான், திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி.

பா. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "பைத்தியமாடா ஒனக்கு? மரத்து மேல ஏறி ஒளிஞ்சவன்தானே நீ?"

"அப்ப கிராணி சும்மா வாயால அளந்தாரு. இப்ப ஆபீஸ் சுவத்துல படம் ஒட்டியிருக்காங்கக்கா. பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, அத்தான் எடுத்ததுன்னு. மூலைய வளைச்சு வெட்டுறது வேற யாரு? அக்கா கல்யாணப் படமும் அப்படித்தானே." என் பக்கம் திரும்பினான். "கோட்டு இல்லையே அத்தான். பனியனும் கைலியும். சோறு வேற. கோட்டுப் போட்டிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். கோட்டு இல்லாம நீங்க எடுத்திருக்கீங்கன்னா நெசம்னு தெரிஞ்சிருச்சு. நான்தான் லயத்துல சொன்னேன், எங்க அத்தான் கண்ணால பாத்து எடுத்ததுடா இதுன்னு. என்னோட நாலு பேரு வராங்க."

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும். பனியனைக் கழற்றியது, சோற்றை அண்டாவில் கொட்டியது, அறை, கோட்டு வேண்டாம் என்று யோசனை சொன்னது நான் என்பதையும். போகாதே என்றேன். இங்கேயே இருட்டறைக்குள் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் மூட்டையைக் கீழே வைத்தான். "கைநாட்டு வச்சாச்சு. ஆளு வரலன்னா வீட்டுல இருக்கிற ஆம்பள போகணும். அப்பாவக் கொண்டு போவாங்க" என்றான். மாமனாருக்கு வலது கால் தரையில் ஊன்றாது.

"அப்ப ஏன் அத்தான் எடுத்தீங்க?"

"என் பேரும் பட்டியல்ல வர இருந்துச்சுடா."

"ஓ," என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் கால் செருப்பு அறுந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பா. என்னைத் திட்டவில்லை. உள்ளே போய், மிச்சம் இருந்த அந்த அரிசியைக் கொண்டுவந்து வாசல் சாக்கடையில் கொட்டினாள். பிறகு தம்பியிடம் மட்டும், "ஒரு படம் எடுத்துக்கடா. ஒன் படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல" என்றாள். உண்மை. ஊரையே படம் எடுத்தவன் வீட்டில் மைத்துனன் படம் ஒன்று கிடையாது. அப்புறம் எடுக்கலாம், அப்புறம் எடுக்கலாம் என்றே போயிற்று.

அவன் தலையை ஆட்டினான். "வேணாங்க்கா. அத்தான் எடுத்தா நான் நல்லா இருக்கிற மாதிரியே வரும்."

மே 29, சனி

ஸ்டேஷன். பா. சொன்னதால் கேமராவை எடுத்துப் போனேன், பழையதை. வழியெல்லாம் அவள் ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவித்த கிழங்கு, மிளகாய்.

கிள்ளான் ஆட்களைச் சாமான் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. வேலுவோடு வந்த நாலு பேரும் என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்கள். "அண்ணே! போட்டோ அண்ணே! எங்களயும் ஒண்ணு எடுங்கண்ணே, சோத்தோட எடுத்தீங்களே அந்த மாதிரி!"

வேலு அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் அவர்களோடு இருந்தும் சொல்லவில்லை. என் மானத்துக்காகவா, போகிற வழியாவது அவர்கள் சிரித்துக்கொண்டு போகட்டும் என்றா, தெரியவில்லை. என்னால் கேட்கவும் முடியவில்லை.

நாலு பேரும் கதவோரம் ஒட்டி உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். வேலு மெதுவாக எழுந்து வண்டிக்குள் இருட்டுப் பக்கம் நகர்ந்தான். பா. "வேலு, வேலு" என்று கூப்பிட்டாள். அவன் வரவில்லை. சிப்பாய் கத்தினான். அமுக்கினேன். ஒரே ஒரு படம்.

கிழங்குப் பொட்டலத்தை அந்த நாலு பேரில் ஒருவன்தான் கை நீட்டி வாங்கினான்.

மே 30, ஞாயிறு

மழை இல்லை. வேலை ஒன்றும் ஓடவில்லை. சுருளைக் கழுவினேன்.

ஷட்டர் சுத்தம், கோடு இல்லை, புள்ளி இல்லை. நாலு பேரின் சிரிப்பும் கூர்மையாக விழுந்திருக்கிறது. ஒருவனுக்கு முன்பல் இல்லை, அதுகூட. இடது ஓரத்தில், கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை.

நடேசனிடமிருந்து ஆள் வந்தான். அடுத்த ஞாயிறு செலாயாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி இன்னொரு படம், கேமராவைக் கொண்டு வரவும். ஆள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கிறான்.

பா. இருட்டறைக்குள் வந்தாள். மூன்று நாளில் இப்போதுதான் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஈரப் படத்தைத் தட்டிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தாள். நாலு முகத்தையும் பார்க்கவில்லை. ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது அவன் கைதானே?"

ஆமாம் என்றேன்.

"இத மட்டும் பெருசாக்கிக் குடுங்க."